மழைக்காலமும் நாயின் பாதமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கடையில் அதிகம் கேட்கப்படுவது, "நாய் காலை நக்கிக்கிட்டே இருக்கு, ஏதாவது லோஷன் கொடுங்க" என்பதுதான். லோஷன் இருக்கிறது. ஆனால் விரலிடுக்கில் ஈரமும் நீண்ட முடியும் இருக்கும்வரை எந்த லோஷனும் பலன் தராது. அதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் உண்டு.

ஷிட்சு, பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்கள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மெத்தை போலிருக்கும் சதைத் திண்டுகளுக்கு (மெத்தைகளுக்கு) நடுவே முடி வளர்ந்து தொங்கும். டைல்ஸ் தரையில் நாய் வழுக்குவது பெரும்பாலும் இதனால்தான். முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலைப் பாதத்தின் மேல் படுக்கவைத்து, மெத்தையின் மட்டத்துக்கு வெட்டினால் போதும். குழிக்குள் நுனியை விடாதீர்கள். விரல்களுக்கு நடுவே உள்ள தோல் மெல்லியது, முடியை இழுத்தால் தோலும் கூடவே எழும்பிக் கத்தரியில் சிக்கும். சிக்கு இறுகியிருந்தால் சின்ன டிரிம்மர்தான் பாதுகாப்பு. அப்படியே உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள், விரலிடுக்கு அதற்குப் பிடித்த இடம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களுக்கு முடி வேலை கிடையாது.

பலரும் பயப்படுவது நகத்துக்குத்தான். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் 1 மில்லிமீட்டர் மட்டும் சீவி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளுத்து, உலர்ந்து இருக்கும். நடுவில் கருமையான ஈரப்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

நகம் நீள நீள உள்ளிருக்கும் ரத்தக்குழாயும் நீளும். மாதக்கணக்கில் விட்ட நகத்தை ஒரே நாளில் குட்டையாக்க முடியாததற்குக் காரணம் இதுதான். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் ரத்தக்குழாய் மெல்லப் பின்வாங்கும். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். முன்காலின் உட்பக்கம், சற்று மேலே இருக்கும் நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தரையில் தேயாது. வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடும்.

ரத்தம் வந்தால் ரத்தம் நிறுத்தும் பவுடரை, இல்லாவிட்டால் கார்ன்ஃப்ளார் மாவை, நக நுனியில் வைத்து 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்து மறுபடி கசியும்.

வெளியே போய்வந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பருத்தித் துண்டால் தனித்தனியாகத் துடையுங்கள். இந்த ஒன்றைத் தினமும் செய்தாலே பாதித் தொல்லை வராது. தரை துடைக்கும் கிருமிநாசினி வேண்டவே வேண்டாம், நாய் அதை நக்கி விழுங்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷம். தேங்காயெண்ணெய் வெடித்த மெத்தையில் ஒரு சொட்டு தடவலாம். விரலிடுக்கில் தடவினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

புளித்த வாடை, விரலிடுக்கில் சிவப்பு, வெள்ளை முடியில் பழுப்புக் கறை இவை இருந்தாலோ, ஒரே ஒரு காலை மட்டும் விடாமல் நக்கினாலோ மருந்து வாங்க எங்களிடம் வராமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஒரு காலை மட்டும் நக்குவது முள்ளாகவோ பிளந்த நகமாகவோ இருக்கலாம்.

முனை தேய்ந்த நகவெட்டி நகத்தை வெட்டாமல் நசுக்கும். அந்த வலியை நினைவில் வைத்துத்தான் நாய் அடுத்த முறை காலைத் தர மறுக்கிறது. கடைக்கு வரும்போது உங்கள் நகவெட்டியை எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
கடையினர்