தொகை மட்டுமல்ல, தேதியும் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம். ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவி குறித்த தங்கள் தலையங்கம், தொகை போதுமா என்பதையே பேசியது. அது குறித்த நாளில் வருகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். கிராமத்துக் கூலிக் குடும்பத்துக்கு நடவிலும் அறுவடையிலும்தான் கையில் காசு புழங்கும். இடைப்பட்ட மாதங்களில் வளர்க்கும் ஆட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளுவார்கள். அல்லது முன்பணம் வாங்கி, அடுத்த பருவத்துக் கூலியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள். பெரிய இழப்பு இந்த இரண்டாவதில்தான். மாதந்தோறும் பணம் வரும் என்ற உறுதி இருந்தால் முன்பணத்தை மறுக்க முடிகிறது. மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய ‘புரோகிரேசா’ என்ற ரொக்க உதவித் திட்டத்தில் பணம் தாயின் கையில் தரப்பட்டது; கிராமக் குடும்பங்கள் அதில் ஏறக்குறைய கால்பங்கை ஆடு மாடு, கோழி, விவசாயம், சிறுதொழில் என முதலீடாக்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

களத்தில் அடிக்கடி காண்பது வேறொரு சிக்கல். பணம் கணக்கில் ஏறியதும் பழைய கடன் பாக்கிக்கும் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்துக்கும் வங்கி பிடித்துக்கொள்கிறது. பல நாள் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை, பணம் எடுக்கும்போது கருவியில் பதிவதும் இல்லை. எனவே பட்டுவாடா தேதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். உதவித்தொகையில் எந்தப் பிடித்தமும் கூடாது என ஆணையிட வேண்டும். ரேகை பதியாதவர்களுக்குக் கையொப்பமிட்டுப் பணம் பெறும் வழியை அந்தந்த ஊரிலேயே ஏற்படுத்த வேண்டும்.