எல்லா மிளகாய் விதையும் ஒரு வாரத்தில் முளைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு மாடித்தோட்டப் பக்கத்தில், மிளகாய் விதை ஏழெட்டு நாளில் முளைத்துவிடும், முளைக்காவிட்டால் விதை சரியில்லை என்று போட்டிருந்தீர்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு அது சரி. பூத் ஜோலோக்கியா, ஹாபனேரோ என்று கடுங்கார மிளகாய்களுக்கு ஆசைப்பட்டு விதை வாங்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் நல்ல விதையைக் கொட்டிவிடுவார்கள். நான் கொட்டியவள், அதனால்தான் எழுதுகிறேன்.

நாகாலாந்தில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் கொண்டுவந்த பூத் ஜோலோக்கியா பழத்திலிருந்து பன்னிரண்டு விதை எடுத்துத் தென்னை நார்த்தூளில் ஊன்றினேன். பதினைந்து நாள் ஒன்றையும் காணோம். "உப்புக்காத்துல அதெல்லாம் எங்க வரப்போகுது" என்று மதினி வேறு சொல்ல, தட்டோடு முருங்கையடியில் கவிழ்த்துவிட்டேன். அடுத்த பத்தாவது நாள் கூட்டப் போனால், விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு முதுகு வளைந்து மூன்று நாற்று நிற்கிறது!

இந்தக் கடுங்கார மிளகாய்கள் பெரும்பாலும் கேப்சிகம் சைனென்ஸ் என்ற வேறு இனம். முளைக்க மூன்று வாரம், சில நேரம் ஐந்து வாரம்கூட ஆகும். சூட்டுக்கு நம் ஊரில் குறைவில்லை, ஆனால் கடற்காற்றில் மேல்மண் அரை நாளில் காய்ந்துவிடுகிறது, அதனால் முளை தெரியும்வரை தட்டின் மேல் பாலித்தீன் போட்டு நிழலில் வைக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். எங்கள் உச்சிப்புளிப் பக்கம் போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகிவிடும், டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீர்தான் கதி. வருஷம் முழுக்க விதைக்கலாம் என்பதும் இங்கே நடக்காது. சித்திரை வெயிலில் பூ அத்தனையும் கொட்டும். ஆவணியில் விதை போட்டு, ஐப்பசிப் பெருமழை தணிந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றினால் மாசி, பங்குனியில் பழம் பார்க்கலாம். முருங்கையடியில் முளைத்த அந்த மூன்று நாற்றில் ஒன்றைச் சுருட்டை நோய் கொண்டுபோனது, இரண்டு காய்த்தன.

காரம் கேட்காதீர்கள், 2007இல் உலகிலேயே காரமானது என்று கின்னஸில் ஏறிய மிளகாய் அது. கால் பழம் போட்டால் ஒரு சட்டி மீன் குழம்புக்குப் போதும். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். கையில் கவர் மாட்டாமல் அதைத் தொட்டுவிட்டு அன்று ராத்திரி முழுக்க எனக்குக் கண் எரிச்சல்.

இப்போது மதினியே விதை கேட்கிறார். பக்கத்துத் தொட்டியில் ஹாபனேரோ நிற்பதால் தேனீ இரண்டையும் கலந்திருக்கும், அது பழத்தைப் பார்த்தால் தெரியாது, விதைத்து வளர்த்தால்தான் தெரியும். அதனால் விரியாத நாலு மொட்டுக்கு வலைத்துணிப் பை கட்டியிருக்கிறேன், அதில் காய்ப்பதைத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

வாசகி, உச்சிப்புளி