‘பிராவோ’ பாராட்டு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் உல்லாசக் கப்பல் பயணக் கட்டுரையில், ஒலிபெருக்கியில் மும்முறை கேட்ட ‘பிராவோ’ என்ற சொல் ஊழியர்களுக்கான பாராட்டு என்று குறிப்பிடப்பட்டிருந்தது. பல நிறுவனங்களின் கப்பல்களில் அது தீ விபத்தைக் குறிக்கும் சொல். பயணிகளைக் கலவரப்படுத்தாமல் தீயணைப்புக் குழுவை வரவழைக்கவே அப்படி அறிவிக்கிறார்கள். அதேபோல், ‘ஆஸ்கர்’ என்றால் ஒருவர் கடலில் விழுந்துவிட்டார் என்று பொருள். (இக்குறிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.)

கப்பல் சமையற்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இன்னும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பயணிகள் கண்ணில் படாமல், காய்கறி மூட்டைகளும் குப்பை வண்டிகளும் ஓயாமல் உருளும் ஊழியர் நடைபாதைக்கு, அமெரிக்கக் கிழக்குக் கரையோர நெடுஞ்சாலையின் நினைவாக ‘ஐ-95’ என்று பெயர். பிரிட்டிஷ் கப்பல்களில் அதுவே ‘பர்மா ரோடு’. ஊழியர்கள் பேச்சில், தம் சொந்த நாட்டுக்காரர் ‘பைசானோ’. இது ஸ்பானிய, இத்தாலிய மொழிகளிலிருந்து வந்த சொல்.

நாங்கள் வெறுத்த சொல் ‘ஐபிஎம்’ (இன்-போர்ட் மேனிங் என்பதன் சுருக்கம்). கப்பல் துறைமுகத்தில் நிற்கையில், அவசரத்துக்கென ஊழியரில் ஒரு பகுதியினர் முறைவைத்துக் கப்பலிலேயே தங்க வேண்டும் என்பதே அது. ஏதென்ஸ் நகரின் பிரேயஸ் துறைமுகத்துக்கு ஐந்து முறை சென்றும், அந்நகரின் பழங்காலக் குன்றுக் கோட்டையான அக்ரோபோலிஸைப் பார்க்காமலேயே நான் ஊர் திரும்பியது அதனால்தான்.

இப்படிக்கு,
முன்னாள் கப்பல் ஊழியர் ஒருவர்,
தூத்துக்குடி.