தச்சுப் பயிற்சியும் பட்டறைப் படிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தொழிற்பயிற்சி நெறிகளுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வெளிவருகின்றன. கணினி, மின்னிணைப்பு, வாகனத் திருத்தம், அழகுக்கலை என்று நீளும் அந்தப் பட்டியலின் அடிப்பக்கத்தில் ‘மரவேலை’ என்றொரு சொல்லும் இருக்கும். அதை வாசித்தும் வாசிக்காமலும் அடுத்த பக்கத்தைப் புரட்டும் பெற்றோரில் ஒருவனாகவே சில ஆண்டுகளுக்கு முன்வரை நானும் இருந்தேன். என் இளைய மகன் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டான். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்தும் உயர்தரத்துக்குப் போக மனமில்லாமல், தச்சுத் தொழில் பழகப்போகிறேன் என்றான். முப்பது ஆண்டு கரும்பலகையின் முன் நின்ற எனக்கு அதை ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஊரார் ஏற்றுக்கொள்ள அதைவிடக் கூடுதலான காலம் பிடித்தது. “என்ன மாஸ்ரர், பெடியனை மரவேலைக்கோ விட்டியள்?” என்று சந்தியில் வைத்துக் கேட்டவர், தன் வீட்டுக் கதவு மாரிக்கு இறுகிவிட்டதென்று சீவித்தர ஆள் தேடி ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தவர். தச்சுத் தொழிலை ஒரு சமூகத்தாருக்கே உரியதென்று ஒதுக்கிவைத்த பழைய எண்ணம் மேடைகளில் இப்போது பேசப்படுவதில்லை. ஆனால் சமையலறைகளில் இன்னும் பேசப்படுகிறது. இணுவில் கந்தசுவாமி கோயிலின் மரச்சிற்பத் தேரான மஞ்சத்தைக் கண்டு கைகூப்புகிறோம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். அந்த மரங்களைச் செதுக்கிய கைகளின் தொழிலுக்கு நம் பிள்ளையை அனுப்ப மட்டும் தயங்குகிறோம். இதுபற்றி எழுதப் புகுந்தால் கடிதம் வேறு திசைக்குப் போய்விடும். நான் எழுத விரும்புவது பயிற்சி நிலையத்துக்கும் பட்டறைக்கும் இடையில் விழுந்திருக்கும் இடைவெளியைப் பற்றியாகும்.

முதலில், விடயம் அறியாத பெற்றோருக்காகச் சில செய்திகள். இலங்கையில் தொழிற்கல்வியை ஒழுங்குபடுத்துவது 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதன் தேசிய தொழில் தகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்லும் தகைமை, ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. மரவேலை பழகும் பிள்ளை மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழோடு வெளியே வரலாம். விருப்பமும் முயற்சியும் இருந்தால் அதற்கு மேலும் படிக்கலாம். ஆகவே “மரவேலைக்குப் போனால் படிப்பு முடிந்தது” என்ற பேச்சு சட்டப்படியே பிழையானது. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்ததும், 2017 இல் சாதாரண தரப் பெறுபேற்றைப் பாராமல் பதின்மூன்று ஆண்டுக் கல்வியை உறுதிசெய்யும் திட்டம் தொடங்கியதும் இதே நோக்கத்தோடுதான்.

ஏட்டில் ஏணி இருக்கிறது. அதன் முதற்படியில் என்ன நடக்கிறது என்பதே என் கவலை.

என் மகன் சேர்ந்த நிலையத்தின் பெயரை எழுத நான் விரும்பவில்லை. அங்கிருந்த போதனாசிரியர் நல்லவர், தம்மால் இயன்றதைக் குறைவின்றிச் செய்தவர். ஆனால் பயிற்சிக்கு மரம் வரவில்லை. கேள்விப்பத்திரம் கோரி, விலை ஒப்பிட்டு, அனுமதி பெற்று மரம் வந்து சேர்வதற்குள் பாடநெறியின் பாதிக்காலம் கழிந்துவிட்டது. அதுவரை பிள்ளைகள் கருவிகளின் பெயரைப் பாடமாக்கினார்கள், பொருத்துகளைக் கொப்பியில் வரைந்தார்கள், ஒரே மரத்துண்டை மாறி மாறிச் சீவி அது கைவிரல் தடிப்புக்கு வரும்வரை பழகினார்கள். சீவும் இயந்திரம் ஒன்று துணியால் மூடப்பட்டிருந்தது. அதன் வெட்டலகு தேய்ந்து பல மாதமாகியும் மாற்ற ஒதுக்கீடு வரவில்லை என்றார்கள். முடிவில் ஒவ்வொருவரும் ஒட்டுப்பலகையில் ஒரு சிறு அலுமாரி செய்தார்கள். அந்த அலுமாரி எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறது, நேராகத்தான் நிற்கிறது. ஆனால் ஒட்டுப்பலகை மழைக்கும் வெயிலுக்கும் பெரிதாக அசையாது. மரம் அசையும். தச்சனின் படிப்பில் பாதி அந்த அசைவைப் படிப்பதுதான் என்பதைப் பின்னர்தான் நானும் அறிந்துகொண்டேன்.

சான்றிதழ் பெற்ற கையோடு மகன் உறவினர் ஒருவருடைய வீட்டுக்கு ஒரு கதவு செய்துகொடுத்தான். நான்கு புறமும் சட்டம், நடுவில் பலகை, கழுந்தும் அது புகும் துளையும் கச்சிதம். பார்த்தவர்கள் மெச்சினார்கள். மார்கழியில் மாட்டிய கதவு ஆவணிச் சோளகக் காற்றில் நடுப்பலகை உச்சி முதல் அடிவரை வெடித்தது. பலகையைச் சட்டத்தின் தவாளிப்புக்குள் பசையிட்டு இறுக்கியிருந்தான். ஈரக்காற்றில் ஊதியிருந்த பலகை வறண்ட காற்றில் சுருங்கப் பார்க்க, பசை விடவில்லை, ஆகவே பலகை பிளந்தது. வீட்டுக்காரர் நல்ல வார்த்தையோடு திருப்பித் தந்தார். அந்த வெடித்த கதவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவன் போனது எங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் வயோதிபத் தச்சர் ஒருவரிடம்.

அவர் கதவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, நடுப்பலகைக்குப் பசை வைக்கப்படாது. அது மூச்சுவிட வேணும்” என்றாராம். அன்று பட்டறைக்குள் போனவன் ஒன்றரை ஆண்டு அங்கேயே இருந்தான்.

அந்த ஒன்றரை ஆண்டில் அவன் கற்றதை நான் வீட்டிலிருந்தே கண்டேன். முதல் மூன்று வாரம் உளி தீட்டுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படவில்லை. எண்ணெய்க் கல்லில் உளியைச் சாய்த்து, கை அசையாமல், உடம்பு மட்டும் முன்னும் பின்னும் போகத் தீட்ட வேண்டும். தீட்டியது சரியா என்று தன் முன்கை மயிரில் வைத்துப் பார்ப்பான். ஒரு மாதத்தில் அவனுடைய இடக்கை வழுவழுப்பாகிவிட்டது, தாயார் பயந்துபோனார். பிறகு வாள். “வாளைத் தள்ளாதை, அதை அதின்ரை பாட்டிலை போக விடு” என்பது தச்சரின் ஓயாத மந்திரம். அதன்பின் மரம். முதிரைக்கும் வேம்புக்கும் மகோகனிக்கும் ஓட்டம் எப்படி, எந்தப் பக்கமாகச் சீவினால் நார் கிளம்பாது, வைரம் என்னும் கடினப்பகுதி எங்கே முடிந்து வெளிறு என்னும் மென்பகுதி எங்கே தொடங்குகிறது, வெளிறை விட்டால் எத்தனை மாரிக்குள் கறையான் ஏறும் என்பதையெல்லாம் அவர் பலகையை வெயிலில் சரித்துப் பிடித்துக் காட்டினாராம். மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே, பனைக்கு வெளியே. அதனால்தான் கூரை தாங்கும் பனங்கைமரத்தில் மென்மையான உட்சோற்றியைக் கழித்துவிட்டுப் புறப்பகுதியை எடுக்கிறோம் என்பது யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிய எவருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் ஒரு பனையைத் தட்டிப்பார்த்தே அதில் எத்தனை கைமரம் தேறும் என்று சொல்ல அந்தப் பட்டறையில்தான் ஆள் இருந்தது.

நான் கணித ஆசிரியன் என்பதால் என்னைக் கவர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மரம் காயும்போது அதன் ஆண்டு வளையங்களின் வழியே சுருங்கும் அளவு, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. இந்த ஒரே உண்மையிலிருந்து பலகை ஏன் கிண்ணம்போல் வளைகிறது, வைரம் இருந்த பக்கம் ஏன் புடைத்து எழுகிறது, அகலமான மேசைப் பலகையை ஆணியால் அறையாமல் ஏன் நகரவிட்டுப் பூட்ட வேண்டும் என்பதையெல்லாம் படிப்படியாகக் கொண்டுவரலாம். தச்சருக்கு இவ்வளவும் தெரியும், ஆனால் இந்த ஒழுங்கில் சொல்லத் தெரியாது. நிலையத்துப் பாடநூலில் இந்த ஒழுங்கு இருக்கிறது, ஆனால் தொட்டுப் பார்க்க மரம் இல்லை. மகனுக்கு இரண்டும் கிடைத்தது கதவு வெடித்த காரணத்தால். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கதவு வெடிக்குமென்று எதிர்பார்க்க முடியுமா?

பிற நாடுகளில் இதைத் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. ஜேர்மனியில் தளபாடத் தச்சருக்கான பயிற்சி மூன்று ஆண்டு. வாரத்தில் பெரும்பகுதி பட்டறையில், ஓரிரு நாள் தொழிற்பாடசாலையில். நம்மவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பொதுத் தச்சராக வர 7,200 மணித்தியாலப் பயிலுனர் காலம் வேண்டும். அதில் வகுப்பறைக்கு உரியது பத்தில் ஒரு பங்குதான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த என் மருமகன் அந்த வழியாக வந்தவர். முதலாண்டிலிருந்தே சம்பளம் வாங்கியதாகவும், ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் அது ஏறியதாகவும் சொன்னார். அவரை இங்கு யாரும் மரவேலைக்காரர் என்று குறைவாகப் பேசக் கேட்டதில்லை என்பதையும் போகிறபோக்கில் குறித்துவைக்கிறேன்.

பயிலுனர் முறை நமக்கும் புதிதன்று. 1971 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே வந்தது. இன்றைய தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் தொழிலிடங்களில் பிள்ளைகளை அமர்த்திப் பயிற்றும் வழியை வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழி பெரிய நிறுவனங்களின் வாசல் வரை போகிறதே தவிர, கிடுகு வேலிக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் வேலை செய்யும் ஒருவரிடம் வந்து சேர்வது அரிது. அவரிடம் வியாபாரப் பதிவு இருக்காது. பயிலுனரை வைத்துப் பழக்கும் நேரத்தில் அவருடைய வேலை தாமதப்படும். கெடுத்த மரத்தின் விலையும் அவர் தலையில்தான். மரக்காலையில் முதிரை விற்கும் விலைக்கு ஒரு பிள்ளை இரண்டு பலகையைப் பிழையாக அறுத்தால் அவருடைய அந்த வாரக் கூலி போய்விடும். இதை ஈடுசெய்யாமல் “இளைஞரைப் பழக்க யாரும் முன்வருவதில்லை” என்று குறைசொல்வது நியாயமாகாது.

இன்னொரு தடையும் உண்டு. அந்தத் தச்சரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. ஆகவே என் மகன் அவரிடம் கழித்த ஒன்றரை ஆண்டு எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவரைப் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு வாரத்தில் ஒருநாள் வருகைதரு போதனாசிரியராக அழைக்கலாமென்றால் தகைமைப் பத்திரம் கேட்பார்கள். இதற்கும் சட்டத்தில் வாசல் இருக்கிறது: பாடநெறி எதையும் பின்பற்றாமல், தொழிலில் பெற்ற அறிவையும் திறனையும் மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முன்கற்றல் அங்கீகார முறை. தொழில் செய்யும் இடத்திலேயே மதிப்பிடலாம், தமிழிலேயே விடையளிக்கலாம். நம் ஊர்களில் இதை அறிந்த மூத்த தச்சர்கள் எத்தனை பேர்? வெளிநாடு செல்வதற்காக இளையவர்கள் இந்த வழியால் சான்றிதழ் எடுப்பதைக் காண்கிறோம். ஊரிலிருந்து கற்பிக்கக்கூடிய முதியவர்களிடம் யாரும் போய்ச் சொல்வதாகத் தெரியவில்லை.

“மரமே இல்லை, எல்லோரும் அலுமினியத்துக்கும் பிளாஸ்ரிக் கதவுக்கும் மாறிவிட்டார்கள், இனித் தச்சன் எதற்கு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. மரத்தின் விலையும், கொண்டுவருவதற்கான அனுமதிப்பத்திரமும், கறையானும் சேர்ந்து வீடு கட்டுவோரைத் துரத்துகின்றன. ஆனால் போர் முடிந்த 2009 க்குப் பின் அவசரமாகக் கட்டிய வீடுகளில் காயாத மரத்தில் நிலையும் யன்னலும் போட்டு, இரண்டு மாரிக்குள் அவை கோணிக்கொண்டதைப் பார்த்த பிறகே பலர் அலுமினியத்துக்குப் போனார்கள். திறந்தவெளியில் அடுக்கிக் காயவைப்பதானால் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஓராண்டு வேண்டும் என்பது பழைய கணக்கு. அந்தக் காலத்தைக் கொடுக்க ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை. பழி மரத்தின்மேல் விழுந்தது.

ஆகவே வடமாகாணத்தில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது புதிய கட்டடம் அன்று. மரவேலைப் பாடநெறி ஒவ்வொன்றின் பின்பகுதியையும் ஊர்ப் பட்டறையில் கழிக்கும்படி கட்டாயமாக்குங்கள். அந்தப் பட்டறைக்காரருக்குப் பயிலுனர் ஒருவருக்கு இவ்வளவு என்று மாதக் கொடுப்பனவும் பழுதாகும் மரத்துக்கு ஒரு தொகையும் கொடுங்கள். அவர்களுடைய திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் உத்தியோகத்தர் ஒருவரை அலுவலகத்தில் இருத்தாமல் ஊருக்குள் அனுப்புங்கள். பயிற்சி முடித்துப் போகும் பிள்ளையின் கையில் சான்றிதழோடு ஒரு வாள், ஒரு சீவுளி, நான்கு உளி, ஒரு மூலைமட்டமும் இருந்தால் மிகவும் நல்லது. கருவி வாங்கக் காசில்லாமல் கடையில் விற்பனையாளராகப் போன இருவரை மகனுடைய வகுப்பிலேயே எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்த் தச்சருக்கு முன்கற்றல் அங்கீகாரத்துக்கான விண்ணப்பத்தை என் மகனே நிரப்பிக் கொடுத்திருக்கிறான். கல்வித் தகைமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று இருவரும் நெடுநேரம் யோசித்துவிட்டு வெறுமையாக விட்டார்களாம். மதிப்பீட்டாளர் வரும் நாளில் கண்முன் பூட்டிக் காட்டுவதற்காக, கழுந்தும் துளையும் வெட்டி முடித்த ஒரு கதவுச் சட்டத்தை அவர் பொருத்தாமல் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.