வழக்கு மேசைக்கு வரும் நண்பனுக்கு

அன்புள்ள ராகவா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். இத்தனை வருஷம் ஒப்பந்தம் எழுதிய கை இனி வழக்கும் நடத்தப் போகிறது என்பதில் மகிழ்ச்சி. வணிகத் தகராறும் வேலைத் தகராறும் பார்க்கும் பிரிவு என்றால் உனக்கு அது முற்றிலும் புது இடமல்ல. நீ எழுதிய ஷரத்துகளே திரும்பி வந்து உன் எதிரில் நிற்கும்.

கோர்ட்டில் பேசிப் பழக்கமில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறாய். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் சிவில் வழக்குகளில் இறுதி விசாரணை வரை போகிறவை நூற்றுக்கு ஒன்று தேறினால் அதிகம். மற்றவை தள்ளுபடியாகும், சம்மரி ஜட்ஜ்மென்டில் (இறுதி விசாரணை இல்லாமல் ஆவணங்களை வைத்தே தரும் தீர்ப்பில்) முடியும், அல்லது சமரசமாகும். எப்படி முடிந்தாலும் அதற்கான அடித்தளம் முதல் மாதத்திலேயே விழுந்துவிடுகிறது.

முதலில் கெடு. வேலையிடப் பாகுபாட்டுப் புகாரோடு அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் போக 180 நாள். அதே பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டமும் அதை அமல்படுத்தும் அமைப்பும் இருந்தால் 300 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். ‘ஜூன் 30-ஓடு வேலை முடிகிறது’ என்று மார்ச் 1-ல் சொல்லியிருந்தால் கணக்கு மார்ச் 1-ல் தொடங்கிவிடும். 1980-ல் ரிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. கட்சிக்காரரோ கடைசிச் சம்பளத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவார். ஆணையம் ‘வழக்குத் தொடரலாம்’ என்று நோட்டீஸ் கொடுத்த பிறகு 90 நாள். நோட்டீஸ் போர்ட்டலில் ஏறிய நாளா, அவர் திறந்து பார்த்த நாளா என்று பிற்பாடு சண்டை வரும். முந்தைய நாளையே எடுத்துக்கொள், சண்டை உனக்கு வேண்டாம்.

அதே சமயம், 300 நாள் போய்விட்டது என்று கேட்டவுடன் ஃபைலை மூடிவிடாதே. இனப் பாகுபாடு என்றால் ஃபெடரல் சட்டத் தொகுப்பின் செக்‌ஷன் 1981 வழியாக ஆணையத்துக்கே போகாமல் வழக்குப் போடலாம். பணிநீக்கம் போன்றவற்றுக்கு அதில் 4 ஆண்டு இருக்கிறது. ஓவர்டைம் பாக்கிக்கு 2 ஆண்டு, தெரிந்தே மீறியிருந்தால் 3.

நீ நிறுவனத்தின் பக்கம் இருந்தால் கெடு இன்னொரு இடத்தில் ஒளிந்திருக்கும்: காப்பீடு. வேலைத் தகராறுக்கான பாலிசிகள் பெரும்பாலும் கோரிக்கை வந்த ஆண்டைப் பார்ப்பவை. சம்பவம் நடந்த ஆண்டை அல்ல. ஆணையத்தில் பதிவாகும் புகாரே பல பாலிசிகளில் ‘கோரிக்கை’ ஆகிவிடும். எச்.ஆர். அதைச் சின்ன விஷயம் என்று மேசை இழுப்பறையில் போட்டு, எட்டு மாதம் கழித்து சம்மன் வந்ததும் காப்பீட்டாளருக்குச் சொன்னால், ‘போன பாலிசி ஆண்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்’ என்று கை விரித்துவிடுவார்கள். முதல் நாளே பாலிசியைக் கேட்டு வாங்கிப் படி.

வணிக வழக்கில் இதற்கு நிகரான பள்ளம் நீதிமன்ற அதிகாரம். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தார், தொகை 75,000 டாலருக்கு மேல், அவ்வளவுதானே என்று ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய்விடுவார்கள். கார்ப்பரேஷன் என்றால் பதிவான மாநிலத்தையும் தலைமை அலுவலகம் இருக்கும் மாநிலத்தையும் பார்த்தால் போதும். எல்.எல்.சி. என்ற வரையறுத்த பொறுப்பு நிறுவனத்துக்கு அப்படியில்லை. அதன் உறுப்பினர்கள் எந்தெந்த மாநிலத்தாரோ, அத்தனை மாநிலமும் அதற்குச் சொந்த மாநிலம். உறுப்பினரே இன்னொரு எல்.எல்.சி. என்றால் அதற்குள்ளும் இறங்க வேண்டும். மூன்று அடுக்குக்குக் கீழே ஒரு சிறு உறுப்பினர் எதிர்த்தரப்பின் மாநிலத்தார் என்று தெரிந்தால், வருஷக்கணக்காக நடந்த வழக்கு தீர்ப்போடு சேர்ந்து கலைந்துபோகும். இந்தக் குறையை மேல்முறையீட்டில்கூட எழுப்பலாம், நீதிபதி தாமாகவும் எழுப்புவார். ஒப்பந்தக் காலத்தில் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கும் பழக்கம் உனக்கு உண்டல்லவா, அதை விட்டுவிடாதே.

அடுத்தது ஆவணம். நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தகராறு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நாளிலேயே பாதுகாக்கும் கடமை தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது வக்கீல் நோட்டீஸுக்கும் முந்தைய நாளாகவே இருக்கும். எல்லோருக்கும் ஒரு ஹோல்ட் கடிதம் (எதையும் அழிக்காதீர்கள் என்ற அறிவிப்பு) அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். அன்றே ஐ.டி. பிரிவோடு தொலைபேசியில் உட்கார்ந்து நான்கு விஷயம் கேள். மின்னஞ்சல் தானாக அழியும் அமைப்பு எத்தனை நாளுக்கு? அரட்டைச் செயலிகளுக்கு அது தனியாக எத்தனை நாளுக்கு? வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினி இப்போது யாரிடம்? மேலாளர்கள் வேலை விஷயத்தைச் சொந்தத் தொலைபேசியில் பேசுகிறார்களா? பெரும்பாலும் கெடுவது மூன்றாவது. போனவரின் கணினியைத் துடைத்துப் புது ஆளுக்குக் கொடுப்பது ஐ.டி.க்கு வழக்கமான வேலை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் ரகசியத் தகவலைத் திருடினார் என்று அவர்மேல் வழக்குப் போடப்போவது அதே நிறுவனம். பென் டிரைவ் சொருகிய தடம் அந்த வட்டில்தான் இருந்தது.

ஸூபுலேக் எதிர் யூ.பி.எஸ். வார்பர்க் வழக்கை வாசித்திருப்பாய். பாலினப் பாகுபாட்டு வழக்கு. அழிக்கக் கூடாது என்று வழக்குரைஞர்கள் சொல்லியும் மின்னஞ்சல்கள் அழிந்தன. சொன்னால் மட்டும் போதாது, கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பதும் வழக்குரைஞர் வேலை என்று 2004-ல் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் எழுதினார். அழிந்தவை நிறுவனத்துக்கு எதிரானவை என்று ஜூரி கருதலாம் என்றும் அனுமதித்தார். 2005-ல் ஜூரி கொடுத்த தொகை சுமார் 2.9 கோடி டாலர். 2015-ல் திருத்திய ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 37(இ) சற்றுத் தளர்த்தியிருக்கிறது: எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு அழித்தால்தான் அந்தக் கடும் தண்டனை. கவனக்குறைவுக்கு, ஏற்பட்ட பாதிப்பைச் சரிக்கட்டும் அளவுக்கு மட்டும். ஆனால் நோக்கம் என்ன என்று ஆராயும் விசாரணையே கட்சிக்காரரின் பையைக் காலிசெய்துவிடும்.

வேலைத் தகராறில் நிறுவனங்கள் தோற்பது பெரும்பாலும் முதல் புகாரால் அல்ல, அதற்குப் பிறகு செய்ததால். பாகுபாட்டை நிரூபிப்பது கடினம். புகார் கொடுத்த மூன்றாம் வாரம் ஷிஃப்ட் மாற்றியதைக் காட்டுவது எளிது. பழிவாங்கலுக்கு, நியாயமான ஊழியரைப் புகார் செய்யவிடாமல் தடுக்கக்கூடிய செயல் எதுவும் போதும் என்று 2006-ல் பர்லிங்டன் நார்தர்ன் வழக்கு சொன்னது. 2013-ல் நாசர் வழக்கு காரண அளவுகோலைக் கடுமையாக்கியது: புகார் இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்று காட்ட வேண்டும். ஆகவே தேதிகளை ஒரே தாளில் வரிசையாக எழுது. நீக்கும் முடிவு புகாருக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றால் அதைக் காட்டும் மின்னஞ்சல் எங்கே? இல்லையென்றால் அன்றே சமரசத்தைப் பற்றி யோசி.

ஆணையத்துக்கு எழுதும் பதிலை இளையவரிடம் தள்ளிவிடாதே. ‘வேலை சரியில்லை’ என்று அங்கே எழுதிவிட்டு, டெபோசிஷனில் (விசாரணைக்கு முன் சத்தியம் செய்து தரும் வாக்குமூலத்தில்) மேலாளர் ‘ஆட்குறைப்பு’ என்றால், காரணம் மாறியதே அது சாக்கு என்பதற்குச் சான்றாகிவிடும். அந்தப் பதிலை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கலாம். மேலாளரையும், அவருக்கு மேலே கையெழுத்திட்டவரையும் தனித்தனியாகப் பேசவைத்துக் கேட்டபின் எழுது.

டெபோசிஷனைப் பற்றி விரிவாகக் கேட்டிருந்தாய். ஒரு தரப்புக்குப் பத்துப் பேர், ஒருவருக்கு ஒரு நாளில் ஏழு மணி நேரம், இதுதான் பொது அளவு. பயப்பட வேண்டியது விதி 30(பி)(6): நிறுவனத்தின் சார்பில் பேசும் சாட்சி. தனக்குத் தெரிந்ததை மட்டும் அவர் சொன்னால் போதாது, நிறுவனத்துக்குத் தெரிந்ததையெல்லாம் படித்துவிட்டு வர வேண்டும். தயார் செய்யாமல் அனுப்பினால் ‘தெரியாது’ என்ற ஒவ்வொரு பதிலும் நிறுவனத்தின் பதிலாகிவிடும். அப்புறம், ஒப்புக்கொள்ளக் கேட்டு விதி 36-ன்படி வரும் தாளுக்கு 30 நாளில் பதில் போகாவிட்டால் அத்தனையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரிய அலுவலகங்களிலும் இது நடக்கிறது.

கடைசியாக, நீ எழுதிய பழைய ஒப்பந்தங்களை ஒருமுறை திறந்து பார். ரகசியக் காப்பு ஷரத்தில், அரசிடமோ தன் வழக்குரைஞரிடமோ சட்டமீறலைத் தெரிவிக்கும் ஊழியருக்கு விலக்கு உண்டு என்ற அறிவிப்பு இருக்கிறதா? 2016-ன் வணிக ரகசியச் சட்டம் அதைக் கேட்கிறது. இல்லையென்றால் அந்த ஊழியரிடமிருந்து அந்தச் சட்டத்தின் கீழ் கூடுதல் நஷ்டஈடும் வழக்குரைஞர் கட்டணமும் கிடையாது. 40 வயதோ அதற்கு மேலோ ஆன ஊழியர் வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும் விலகல் ஒப்பந்தத்தில் யோசிக்க 21 நாளும் (கூட்டாக நீக்கினால் 45), கையெழுத்துக்குப் பின் திரும்பப் பெற 7 நாளும் இருக்கிறதா? இல்லையென்றால் 1998-ன் ஊப்ரே தீர்ப்புப்படி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்காமலே அவர் வயதுப் பாகுபாட்டு வழக்குப் போடலாம்.

முதல் ஹோல்ட் கடிதத்தை எழுதியதும் கட்சிக்காரர் பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு எனக்கு அனுப்பு. சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சேகர்