வீட்டுக் கணினிக்கு நிலையான முகவரி

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் கணினிக்கு மாறாத ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுப்பது பற்றித் தங்கள் பத்திரிகையின் கணினிப் பகுதியில் வெளியான கட்டுரையில், உபுண்டு லினக்ஸில் வலையமைப்பு விவரங்களை எழுதும் நெட்பிளான் கோப்பின் மாதிரி, பத்தியின் இடது ஓரத்தோடு ஒட்டி அச்சாகியிருந்தது. அந்தக் கோப்பில் எந்த வரி எதற்குக் கீழ்ப்பட்டது என்பதை வரித் தொடக்கத்தில் விடும் வெற்றிடமே தீர்மானிக்கிறது. அதற்கு டேப் விசையையும் பயன்படுத்தலாகாது. ஆகவே அச்சில் உள்ளபடியே தட்டச்சு செய்தவருக்குப் பிழைச் செய்திதான் கிடைத்திருக்கும். ரவுட்டரின் முகவரியைக் குறிக்க மாதிரியிலுள்ள 'கேட்வே4' என்ற வரியும் வழக்கொழிந்தது. இப்போது 'ரூட்ஸ்' என்பதன் கீழ் எழுத வேண்டும்.

முகவரி கொடுத்தும் இணையம் வராவிட்டால் என்ன செய்வது என்பதைக் கட்டுரை தொடவேயில்லை. உப்புவெளியில் என் அயல் வீட்டுக் கணினியில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று கட்டளை கொடுத்துச் சோதித்தால்) பதில் வந்தது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. வீட்டார் இணைப்பு நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். குறை, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் இருந்தது. பலர் இதற்காக 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திருத்துகிறார்கள்; உபுண்டுவில் அதை வேறொரு சேவை நிர்வகிப்பதால், எழுதியது நிலைப்பதில்லை. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளின் இணைப்பு அமைப்பிலேயே டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்க வேண்டும். ரவுட்டர் பதில் தந்து 8.8.8.8 பதில் தராவிட்டால், 'ஐபி ரூட்' கட்டளையின் விடையில் வெளியே செல்லும் வழியைக் காட்டும், 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரவுட்டரே பதில் தராவிட்டால், பழைய வழிகாட்டிகளைப் பார்த்து வலை அட்டையின் பெயரை 'ஈத்0' என்று எழுதிய இடத்தில், கணினியிலுள்ள உண்மையான பெயர் 'ஈஎன்பி3எஸ்0' போன்ற ஒன்றாக இருக்கக்கூடும்.

இவற்றிலும் தொல்லையானது, சில வேளை மட்டும் அறுந்துபோகும் இணைப்பு. ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரம்புக்குள் இருக்கும் முகவரியொன்றை நாம் கணினிக்கு எழுதிவிட்டால், மின்வெட்டு முடிந்து எல்லாம் மீண்டும் இயங்கத் தொடங்கும்போது அதே முகவரி வீட்டிலுள்ள கைத்தொலைபேசி ஒன்றுக்கும் போய்ச் சேரலாம். பிறகு இரண்டும் முட்டிக்கொள்ளும். குற்றம் லினக்ஸின் தலையில் விழும்.

பிரிண்டரையோ பிள்ளைகளின் பாடக் கோப்புகளையோ பகிர்வதற்காக மட்டும் நிலையான முகவரி தேடுபவர்கள் கணினியில் கைவைக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், கணினியின் மேக் முகவரிக்கு (வலை அட்டையின் அடையாள எண்ணுக்கு) ஓர் ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டால் போதும். கோப்பைத் திருத்தியே ஆகவேண்டியவர்கள் 'நெட்பிளான் ட்ரை' கட்டளையைப் பயன்படுத்தலாம். 120 விநாடிக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். கட்டுரையின் திருத்தத்தை வெளியிடும்போது, மாதிரிக் கோப்பை வெற்றிடங்கள் மாறாமல் தனிக் கட்டத்துக்குள் அச்சிடுமாறும், அது உபுண்டுவின் எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.