சிறு சோலார் விளக்கு: பழி பனலுக்கு, பிழை கணக்கில்

ஆசிரியருக்கு,

வன்னியில் மின்கம்பி போகாத குடிமனைகளிலும் வயல் காவல் கொட்டில்களிலும் பூட்டிய சோலார் விளக்குகள் பல, ஒரு மாரி தாண்டாமல் அணைந்துவிடுகின்றன. வெயிலில் மின் எடுக்கும் பனல்தான் கூடாது என்று பழி விழுகிறது. பிழை பெரும்பாலும் கணக்கில்.

3 வாட் எல்.ஈ.டி. குமிழ்கள் மூன்றும் நான்கு மணித்தியாலம் எரிந்தால் 36 வாட்-மணி மின் செலவாகும். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் இருப்பது 84. பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். கோடைக்கு 20 வாட் பனல் போதும், கார்த்திகை மார்கழி மூடலுக்கு 40 வேண்டும். கைபேசி ஏற்றத் தனியே 15, 20 வாட்-மணி போகும், விளக்கோடு சேர்ந்தால் பாதி தாண்டிவிடும். அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

பெரிய வில்லங்கம் ‘டிரெக்ட்’ கொடுப்பது. பற்றரி இறங்கியதும், பனலையும் பற்றரியையும் விளக்கையும் இணைக்கும் கொன்ட்ரோலர் விளக்கை வெட்டும். அது பழுதல்ல, காவல். விளக்கு வயரை அதிலிருந்து கழற்றி நேரே பற்றரியில் முறுக்கினால் அன்றிரவு வெளிச்சம் வரும். அதையே வழக்கமாக்கினால் தகடுகளில் சல்பேற் இறுகி, பிறகு எவ்வளவு வெயில் பட்டாலும் சார்ஜ் நிற்காது.

கொன்ட்ரோலரில் பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல், கடைசியில் விளக்கு, கழற்றும்போது எதிர்மாறு. பற்றரியின் நேர்முனையை ஒட்டி 5 அம்பியர் பியூஸ். பனல் தெற்குப் பார்த்து 10 பாகை சரிந்திருக்கட்டும். தட்டையாகக் கிடந்தால் காக்கை எச்சம் மழையிலும் போகாது. மூலையில் விழும் பனையோலை நிழலே மின்னின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

கென்யாக் கிராமங்களில் கைபேசிப் பணத்தில் சிறு தவணை கட்டி இத்தகைய விளக்குகளை வாங்குகிறார்கள். இங்கு இலவசமாகக் கொடுப்போர், சில வருடத்தில் வரும் பற்றரிச் செலவுக்கும் கிராமத்தில் ஒரு சிறு சேமிப்பைத் தொடக்கிக் கொடுக்கட்டும்.

சோலார் திருத்துநர் சிலர்,
மாங்குளம்.